அடுத்த கிளப்பின் கதவைத் திறக்கும் முன் பழைய கிளப்பின் கணக்கைப் பாருங்கள்

இங்கிலாந்தின் சுதந்திரக் கால்பந்து ஒழுங்குமுறை அமைப்பின் தலைவருக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கிளப்பின் முன்னாள் சேர்மன் இப்போது இன்னொரு ஊர்க் கிளப்பின் நிர்வாகத்துக்குள் போயிருக்கிறார். அவரை வரவேற்று வந்த செய்தியில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று எழுதியிருந்தார்கள். அந்த அனுபவத்துக்காக எங்கள் ஊரில் யார் யார் எவ்வளவு இழந்தார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. கேட்டால், கிளப் நடத்த வருபவர்களுக்கான தகுதி விதிப்படி அவர் மீது எந்தத் தடையும் இல்லை என்கிறார்கள். உண்மைதான், தடை இல்லை. அந்த விதியைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நான் வட இங்கிலாந்தில் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். போட்டி நாள் துண்டறிக்கை, விருந்தினர் அறைக்கான மெனு அட்டை, சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் படிவம், சிறுவர் பயிற்சி முகாமுக்கான சுவரொட்டி என்று அந்தக் கிளப்புக்கு வேண்டிய பலதும் எங்களிடம்தான் அச்சாகி வந்தன. என் பிள்ளைகள் அந்த மைதானத்தில்தான் கால்பந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கிளப்பின் பெயரையோ அந்த மனிதரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை, ஒருவரைத் துரத்துவதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக அனுப்பியதில் விவரங்கள் இருக்கின்றன. தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இந்த நாட்டில் கடை, டாக்சி, சமையல், காவல் பணி என்று கிளப்புகளை நம்பித் தொழில் செய்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

நடந்தது இதுதான். முதலில் முப்பது நாளில் வந்துகொண்டிருந்த பணம் அறுபது நாளானது, பிறகு தொண்ணூறு. கணக்குப் பிரிவில் தொலைபேசியை எடுப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரும் அடுத்த வெள்ளிக்கிழமை என்றார்கள். அதே காலத்தில் சேர்மன் புதிய ஸ்ட்ரைக்கர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று கிளப்பின் கழுத்துத் துண்டை உயர்த்திப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். அந்த ஆட்டக்காரர் வருவதை அறிவிக்கும் சுவரொட்டியை அச்சடித்தது நாங்கள். அதற்கான பில்லும் நின்றுபோனவற்றில் ஒன்று. காகிதம் தருபவர் எனக்காகக் காத்திருக்க மாட்டார், எந்திரத்துக்கான மாதத் தவணை காத்திருக்காது, ஊழியர் சம்பளம் காத்திருக்கக் கூடாது. எனவே வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். என் மனைவிதான் எங்கள் கணக்கைப் பார்ப்பவர். கிளப் என்று தலைப்பிட்ட பக்கத்தை அவர் தனியாகப் பிரித்து வைத்துவிட்டார், மற்ற வாடிக்கையாளர்களின் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்த்தால் மாதம் மாதம் மனம் உடைகிறது என்பதால்.

அப்புறம் சேர்மன் விலகினார். உடல்நலம், குடும்பம் என்று ஓர் அறிக்கை வந்தது. அதை நான் சந்தேகிக்கவில்லை, ஒருவர் வீட்டுக் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் விலகிய சில மாதங்களில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, அதாவது கடனைக் கட்ட முடியாமல் வெளியாள் ஒருவரின் பொறுப்புக்கு. நீதிமன்ற வழியில் வந்த நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது, உங்களுக்கு வர வேண்டிய தொகையை இந்தப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள் என்று. பிறகு கடன் கொடுத்தோர் பட்டியல் வந்தது. பக்கம் பக்கமாக ஊர் முழுவதும் அதில் இருந்தது: பேருந்து நிறுவனம், சீருடை துவைப்பவர், புல்வெளிக்கு விதையும் உரமும் தருபவர், இறைச்சிக் கடை, முதலுதவித் தொண்டர்கள், பூக்கடை. பட்டியலின் மேல் பகுதியில், பிணை உள்ள கடன் என்ற தலைப்பின் கீழ், முன்னாள் சேர்மனின் பெயர். அவர் கிளப்புக்குக் கொடுத்த பணம் நன்கொடை இல்லை, கடன். அதற்குக் கிளப்பின் சொத்துகள் மீது பிணை எழுதி முறையாகப் பதிவும் செய்திருந்தார். கிளப்புக்காகத் தன் பணத்தைக் கொட்டினார் என்று ஊரே நன்றியோடு பேசிய அந்தப் பணம் வரிசையில் எங்களுக்கு வெகு முன்னால் நின்றது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. எவர் வேண்டுமானாலும் தன் கம்பெனிக்குப் பிணை வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கலாம், அந்தப் பதிவைக் கம்பெனி பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பூக்கடைக்காரர் எதற்காகக் கம்பெனி பதிவகத்தைப் பார்க்கப்போகிறார்? அவர் கிளப்பை நம்பினார். கிளப் என்பது அந்த ஊரில் தாத்தா காலத்திலிருந்து இருப்பது.

கடைசியில் பவுண்டுக்குச் சில பென்ஸ் கிடைத்தது. கடனில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து முடிக்கும் சமரசத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது, ஆனால் அங்கே தலைகளை எண்ணுவதில்லை, தொகையை எண்ணுகிறார்கள், முக்கால் பங்கு மதிப்பு ஒத்துக்கொண்டால் திட்டம் நிறைவேறும். எங்களைப் போன்ற அத்தனை சிறிய கடைகளையும் ஒன்றாகக் கூட்டினாலும் அந்தக் கணக்கில் கையளவுகூட வராது.

இந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்பந்தில் அது வேறெந்தத் தொழிலிலும் இல்லாதபடி இருக்கிறது. ஒரு கிளப் திவாலானால், லீக்கில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் தர வேண்டியதை முழுவதுமாகக் கொடுத்தாக வேண்டும். கால்பந்துக் கடன் விதி என்று அதைச் சொல்கிறார்கள். வரித்துறையே அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2012-ல் தோற்றது. 2020 டிசம்பரிலிருந்து வாட், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி போன்றவற்றுக்கு வரித்துறைக்கும் சாதாரணக் கடன் கொடுத்தோருக்கு முந்திய இடம் கிடைத்துவிட்டது. ஆக பிணை வாங்கியவர் முன்னே, கால்பந்துக்காரர்களுக்குத் தனி வழி, வரித்துறை அடுத்து, எல்லோருக்கும் பிறகு நாங்கள். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்களை நடத்தும் ஈஎஃப்எல் அமைப்பின் விதிகளில் எங்களுக்கென்று ஓர் அளவு உண்டு: பவுண்டுக்கு 25 பென்ஸ் உடனே, அல்லது மூன்று ஆண்டுகளில் 35 பென்ஸ், அதற்குக் குறைந்தால் கிளப்புக்கு 15 புள்ளிகள் வெட்டு. இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். 75 பென்ஸை நாங்கள் இழந்தால் அது ஏற்கத்தக்கது என்று விதியே சொல்லிவிடுகிறது. தண்டனை வந்தாலும் அந்தப் புள்ளிகளை இழப்பது புதிதாக வந்தவர்களும் ரசிகர்களும்தான். எங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த சேர்மனுக்கு எந்தப் புள்ளியும் குறையாது.

ஆட்டக்காரர் சம்பளம் கொடுபட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ் டிவிஷனில் ஆடும் பையன்களில் பலர் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வாழ்பவர்கள். ஆனால் அவர்கள் போட்டுக்கொள்ளும் சீருடையைத் துவைத்த பெண்ணுக்கும் வாடகை உண்டு.

எங்கள் ஊரில் மட்டும் நடந்திருந்தால் இது என் தனிப்பட்ட வருத்தமாக முடிந்திருக்கும். அப்படியில்லை என்பது உங்களுக்கே தெரியும், நீங்கள் உருவானதே அதனால்தான். ஆனாலும் பொதுப் பதிவில் இருக்கும் சில சேர்மன்களின் பாதையை நினைவுபடுத்துகிறேன், நான் கேட்கப்போவது அவற்றிலிருந்துதான் வருகிறது.

லீட்ஸ் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் பீட்டர் ரிட்ஸ்டேல் சேர்மன் ஆனார். அவர் காலத்தில் அந்த அணி 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது, அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். இனிமேல் வரப்போகும் டிக்கெட் வருமானத்தைப் பிணையாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் எடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினால்தான் அந்தக் கணக்கு ஓடும், இரண்டு ஆண்டு தொடர்ந்து தகுதி பெறாமல் போனதும் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2003 மார்ச்சில் அவர் விலகினார். 2004-ல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, எல்லண்ட் ரோடு மைதானத்தையே விற்க வேண்டி வந்தது. 2007-ல் திவால் நிர்வாகம், மூன்றாம் டிவிஷன். மேலே திரும்பி வர 2020 ஆனது. ஒரு நிர்வாகக் குழு சில ஆண்டுகளில் எடுத்த முடிவுகளுக்கு ஒரு நகரம் பதினாறு ஆண்டு காத்திருந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. பார்ன்ஸ்லி, பிறகு கார்டிஃப் சிட்டி, பிறகு பிளைமவுத், பிறகு பிரெஸ்டன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: லீட்ஸ் முடிவுகள் அவர் ஒருவர் மட்டும் எடுத்தவை இல்லை, இயக்குநர் குழு முழுவதும் எடுத்தவை. கார்டிஃபில் அவர் காலத்தில் அணி 2008 எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது, புதிய மைதானமும் எழும்பியது, அதே காலத்தில் வரித்துறையின் மனுக்களும் நீதிமன்றத்துக்கு வந்தன. பிளைமவுத் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே போய் நின்றார். பிரெஸ்டன் அவர் வந்த பிறகு நிலையாக இருக்கிறது. இன்னொரு பக்கம், 2012-ல் கால்பந்துக்கு வெளியே அவர் நடத்திய ஒரு நிறுவனம் தொடர்பாக ஏழரை ஆண்டுகளுக்குக் கம்பெனி இயக்குநராக இருக்கத் தடை ஏற்பட்டது. இதில் எது எவ்வளவு எடை என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: இந்த முழுப் பாதையையும் ஒரே தாளில் எழுதி, நல்லதும் கெட்டதுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவருக்கு அனுமதி தருகிறோம், காரணம் இது என்று எந்த அமைப்பாவது ஒருமுறையாவது பொதுமக்களிடம் சொல்லியிருக்கிறதா? அப்படிச் சொன்னால் நல்ல வேலை செய்த சேர்மனுக்கும் அதுதான் நியாயம்.

அந்த 2008 இறுதிப் போட்டியில் கார்டிஃபைத் தோற்கடித்தது போர்ட்ஸ்மவுத். கோப்பையைத் தூக்கி இரண்டு ஆண்டு ஆகவில்லை, 2010 பிப்ரவரியில், திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது அது. அந்தக் கடன் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனம் இருந்தது. மைதானத்தில் மயங்கி விழும் ரசிகரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள். இரண்டே ஆண்டில், 2012-ல், அதே கிளப் மறுபடியும் திவால். 2013-ல் ரசிகர்கள் பங்கு போட்டு வாங்கிய பிறகுதான் அங்கே மூச்சு வந்தது.

டார்லிங்டனில் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் 1999-ல் கிளப்பை வாங்கினார், பழைய கடனையும் அடைத்தார். பிறகு சில ஆயிரம் பேர் மட்டும் வந்துகொண்டிருந்த அணிக்கு 25,000 பேர் உட்காரும் மைதானம் கட்டினார். 2003-ல் திறந்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் கிளப் திவால் நிர்வாகத்தில் இருந்தது. செஸ்டர் சிட்டியின் உரிமையாளரை 2009-ல், கிளப் நடத்துபவர்களை லீக்குகள் சோதிக்கும் தகுதித் தேர்வு தடுத்தது, ஆனால் அவர் வேறொரு விளையாட்டுக் கிளப் தொடர்பான வாட் மோசடிக்காக 11 ஆண்டு இயக்குநர் தடை வாங்கிய பிறகுதான் தடுத்தது. அடுத்த மார்ச்சில் 1885-ல் தொடங்கிய அந்தக் கிளப்பை நீதிமன்றம் மூடிவிட்டது.

பரி கிளப்பைப் பற்றி நினைத்தால் இன்றும் ஆற்றாமைதான். அதுவும் 1885-ல் தொடங்கியது, 1894 முதல் லீக்கில் இருந்தது, எஃப்ஏ கோப்பையை இருமுறை வென்றது, 1903 இறுதிப் போட்டியில் டெர்பியை 6–0 என்று வென்ற அணி அது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. புதிய உரிமையாளரிடம் நடத்துவதற்குப் பணம் இருக்கிறதா, எங்கிருந்து வரும் என்பதற்கான சான்று முறையாகக் கைக்கு வராத நிலையிலேயே அது நடந்துவிட்டது. 2019 ஏப்ரல் மாதம் ஆட்டக்காரர்கள் சம்பளம் ஒழுங்காக வராமலே ஆடி அணியை மேல் டிவிஷனுக்கு ஏற்றினார்கள். அந்த டிவிஷனில் ஒரு லீக் போட்டிகூட ஆடாமல் ஆகஸ்ட் 27 அன்று கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த மைதானமான கிக் லேனுக்குப் பரியின் ஆட்டம் திரும்பி வர 2023 ஆனது, அதுவும் பல படிகள் கீழே.

இந்த வரலாறெல்லாம் பழையது என்று யாரும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 12 புள்ளிகள் வெட்டு. அந்த ஆண்டு மாதக்கணக்கில் சம்பளம் தாமதமாக வந்ததை நாடே பார்த்தது. அந்தக் கிளப்பின் ஹில்ஸ்பரோ மைதானத்தை உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்துக்கே விற்றிருந்தது 2019-லேயே வெளியே தெரிந்த விஷயம். எல்லாம் கண் முன்னால் இருந்தது, ஆனால் யார் கையிலும் அதை நிறுத்தும் அதிகாரம் இல்லை அல்லது பயன்படுத்தவில்லை.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். லீக்குகளின் தகுதித் தேர்வு 2004 வாக்கில் வந்தது. திவால் விஷயத்தில் அது கேட்பது சுருக்கமாக இவ்வளவுதான்: இந்த நபர் இயக்குநராக இருந்த கிளப் அல்லது கிளப்புகள் இருமுறை திவாலாயினவா? ஒருமுறை என்றால் பரவாயில்லை. அப்புறம், அவர் பதவியில் இருக்கும்போதோ விலகிய சில நாட்களுக்குள்ளோ திவால் நடந்திருக்க வேண்டும். எங்கள் சேர்மன் சில மாதங்கள் முன்னால் விலகிவிட்டார். எனவே விதியின் பார்வையில் எங்கள் கிளப்பின் திவால் அவருடையதே இல்லை. அது யாருடையது? அவர் போன பிறகு சாவியைக் கையில் வாங்கி, கஜானா காலியாக இருப்பதைப் பார்த்து, நீதிமன்றத்துக்குப் போனவருடையது. கப்பலில் ஓட்டை போட்டவர் படகில் ஏறிக் கரை சேர்ந்துவிட, கடைசியில் நீர் இறைத்தவர் பெயரில் குற்றம் எழுதுவது போன்றது இது.

நாட்டின் பொதுச் சட்டம் இவ்வளவு குருடாக இல்லை. ஒரு கம்பெனி திவாலானால் நிர்வாகியாக வருபவர் இயக்குநர்களின் நடத்தை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் அன்று பதவியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்த எல்லோரும் வர வேண்டும். மூன்று ஆண்டு! ஒரு சாதாரண செருப்புக்கடைக் கம்பெனி நொடித்தால் இந்த நாடு மூன்று ஆண்டு பின்னோக்கிப் பார்க்கிறது. நூற்றுமுப்பது ஆண்டு பழமையான, ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்திய ஒரு கிளப் நொடித்தால் கால்பந்து சில நாட்களைத்தான் பார்த்தது. இந்த இடைவெளியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறெந்த வாதமும் தேவைப்படவில்லை.

இன்னொன்று, இயக்குநர் குழுவில் பெயர் இல்லாமல் கிளப்பை நடத்துவது. ஆலோசகர் என்று வருவார், கால்பந்து விவகாரங்களுக்குப் பொறுப்பாளர் என்பார், உரிமையாளரின் நண்பர் என்பார். யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தப் பில்லை நிறுத்துவது என்று அவர்தான் முடிவெடுப்பார். எங்கள் பில்லை நிறுத்தச் சொன்ன கையெழுத்து யாருடையது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

உங்களிடம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் முன்னாள் விளையாட்டு அமைச்சர் ட்ரேசி க்ரவுச் தலைமையில் கால்பந்து நிர்வாகம் பற்றிய ரசிகர் ஆய்வறிக்கை வந்தபோது என்னைப் போன்றவர்கள் வரி வரியாகப் படித்தோம். ஏறக்குறைய நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2025 ஜூலை 21 அன்று கால்பந்து ஆளுகைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. மேல் ஐந்து டிவிஷன்களிலும் இருக்கும் 116 கிளப்புகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. உரிமையாளர், இயக்குநர், மூத்த அதிகாரி என்று எல்லோரையும் சோதிக்கலாம். நேர்மை, நாணயம், பண விஷயத்தில் நம்பகம் ஆகியவற்றைப் பார்க்கும்படி சட்டமே சொல்கிறது. கவலைக்கு இடமிருந்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரையும் சோதிக்கலாம். லீக்குகள் தங்கள் உறுப்பினர்களான கிளப்புகளின் சேர்மன்களாலேயே நடத்தப்படுபவை, ஒருவரையொருவர் கடுமையாகப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தம் இருக்கவில்லை. உங்களுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அதனால்தான் எங்கள் முன்னாள் சேர்மன் எந்தக் கேள்வியும் இல்லாமல் இன்னொரு ஊருக்குள் நடந்து போவதை உங்கள் காலத்திலும் பார்க்க நேர்ந்தது பொறுக்க முடியவில்லை.

அந்த ஊரிலும் ஓர் அச்சகம் இருக்கும். யாரோ இந்த வாரம் கிளப்பிடமிருந்து பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் காகிதம் வாங்கி அடுக்கியிருப்பார்கள்.

நான் கேட்பவை இவை.

திவாலான கிளப்பில் முந்தைய மூன்று ஆண்டுகளில் சேர்மனாகவோ இயக்குநராகவோ இருந்த ஒவ்வொருவரின் கணக்கிலும் அந்தத் திவால் ஏற வேண்டும், அவர் எந்தத் தேதியில் விலகியிருந்தாலும் சரி. ஏறினால் உடனே தடை என்று கேட்கவில்லை. அடுத்த கிளப்புக்கு வரும்போது அதைப் பற்றி அவரிடம் கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

116 கிளப்புகளிலும் பொறுப்பில் இருக்கும் எல்லோருடைய கால்பந்து வரலாற்றையும் ஒரே பொதுப் பதிவேட்டில் வையுங்கள்: எந்தக் கிளப், எப்போது வந்தார், எப்போது போனார், வரும்போது கடன் எவ்வளவு, போகும்போது எவ்வளவு, கிளப்புக்குக் கொடுத்த பணம் பங்கா கடனா, கடன் என்றால் எதன் மீது பிணை. இவற்றில் பெரும்பாலானவை கம்பெனி பதிவகத்தில் இப்போதே சிதறிக் கிடக்கின்றன. சேர்த்து வைப்பதுதான் வேலை, அதைச் செய்ய ஓர் அச்சகக்காரனுக்கோ பூக்கடைக்காரருக்கோ நேரமில்லை.

ஒருவரைத் தகுதியானவர் என்று ஏற்கும்போது காரணத்தை வெளியிடுங்கள். மறுக்கும்போது மட்டும் அல்ல, ஏற்கும்போதும். முடிவெடுக்கும் முன் அவருடைய முந்தைய ஊரின் ரசிகர் சங்கத்திடமும், அங்கே பணம் இழந்தவர்களிடமும் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். எங்கள் முகவரிகள் நிர்வாகியின் பட்டியலில் இருக்கின்றன, தேடி அலைய வேண்டியதில்லை.

ஆலோசகர் என்ற பெயரில் வந்து பணத்தைப் பற்றி முடிவெடுப்பவர் எவரானாலும் அவரையும் மூத்த அதிகாரியாகவே கருதிச் சோதியுங்கள்.

உரிமத்தின் நிபந்தனைகளில் உள்ளூர்ச் சப்ளையர்களைச் சேருங்கள். சிறு தொழில் பில்கள் குறித்த தேதிக்குப் பிறகு எவ்வளவு நாள் நிற்கின்றன என்று ஒவ்வொரு கிளப்பும் காலாண்டுக்கு ஒருமுறை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த எண் ஏறத் தொடங்கும்போது கஜானா வற்றுகிறது என்று பொருள். சம்பளம் நிற்பதற்கு வெகு முன்பே எங்களுக்கு வரும் பணம் நிற்கிறது, எனவே உங்களுக்கு முதல் எச்சரிக்கை எங்களிடமிருந்துதான் கிடைக்கும். புதிய ஆட்டக்காரரை வாங்கும் முன் நிலுவைப் பில்கள் தீர்க்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

சேர்மன் கொடுத்த பிணைக்கடன், ஊர்ச் சிறுவணிகர்களின் பாக்கி தீர்ந்த பிறகே அவருக்குத் திரும்பும் என்ற ஒப்புதலை, பொறுப்பேற்கும் நாளிலேயே அவரிடம் எழுதி வாங்குங்கள். கிளப்பின் மீது அன்பு இருப்பவருக்கு இதில் கையெழுத்துப் போடுவதில் தயக்கம் இருக்காது.

எங்கள் முன்னாள் சேர்மனின் நியமனத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். ஆவணங்கள் உங்களிடம் வந்திருக்கின்றன. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள், முடிவு எதுவானாலும் காரணத்தோடு வெளியிடுங்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், இந்த சீசன் முடிவதற்குள் வேண்டும். சம்மர் டிரான்ஸ்ஃபர் காலம் தொடங்கிவிட்டால் அந்த ஊரிலும் பில்கள் சேரத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்
வட இங்கிலாந்து